விற்பனையில் இருக்கும் டொமைனா, புதிதாகப் பதியும் பெயரா? திருமலைத் தொழில்களுக்கு ஒரு கணக்கு

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் தங்குமிடம் நடத்துவோர், புறாத்தீவுக்குப் படகு விடுவோர், கிண்ணியாவிலிருந்து தயிர் அனுப்புவோர் என்று பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வெப்சைட் போடலாம் என்று முடிவெடுத்து, ஊர்ப் பெயரும் தொழிலும் சேர்ந்த ஒரு டொட் கொம் பெயரைத் தேடினால், அதை யாரோ எப்போதோ பதிந்து விற்பனைக்குப் போட்டிருக்கிறார். 1,800 டொலர், 2,500 டொலர் என்று விலை கிடக்கிறது. அதைக் கொடுத்து வாங்குவதா, வேறு பெயரைப் புதிதாகப் பதிவதா, இலங்கைக்குரிய முடிவான டொட் எல்கே எடுப்பதா என்று கேட்டு எழுதுகிறீர்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சிறுதொழில் நடத்தும் பெரும்பாலானோருக்கு அந்த 2,500 டொலர் தேவையில்லாத செலவு. சிலருக்கு மட்டும் அது நல்ல முதலீடு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஒரு மாலைக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

விற்பவர் கேட்கும் விலையையும் மதிப்பீட்டுக் கருவி காட்டும் எண்ணையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முதல் கேள்வி இதுதான்: அந்தப் பெயர் உங்கள் கல்லாவுக்கு என்ன கொண்டுவரும்?

ஒரு கெஸ்ட் ஹவுஸை உதாரணமாக எடுப்போம். புக்கிங் டொட் கொம் போன்ற தளங்கள் வழியாக வரும் பதிவுக்குப் பொதுவாக 15 வீதம் அளவில் கமிஷன் போகும். ஓர் இரவுக்கு 15,000 ரூபாய் அறை என்றால் கமிஷன் 2,250 ரூபாய். விலை கூடிய பெயரை வாங்கியதால் மட்டும், அதாவது சாதாரணப் பெயராக இருந்திருந்தால் வந்திருக்காத நேரடிப் பதிவுகள், வருடத்துக்கு 20 இரவுகள் என்று வையுங்கள். மிச்சம் 45,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு 135,000. ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று போட்டால் 450 டொலர். அந்த விடுதிக்கு அந்தப் பெயரின் உச்ச விலை அவ்வளவுதான். அதற்கு மேல் கொடுப்பது, வராத விருந்தினருக்காக முன்கூட்டியே கமிஷன் கட்டுவதற்குச் சமம். உங்கள் அறை விலையையும் எதிர்பார்ப்பையும் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். "பெயரால் மட்டும்" என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள், கணக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது.

அந்த 20 இரவுகள் என்பதே தாராளமான எண் என்பது என் எண்ணம். ஊர்ப் பெயரும் தொழிலும் டொமைனில் இருந்தால் கூகிளில் மேலே வரும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது பெருமளவு உண்மை. 2012 செப்டெம்பரில் கூகிள் செய்த மாற்றத்தோடு, உள்ளே சரக்கில்லாமல் பெயரை மட்டும் வைத்து மேலே வந்த தளங்கள் இறங்கிவிட்டன. இன்று உப்புவெளியில் அறை தேடுபவர் கூகிள் வரைபடத்தையும் விருந்தினர்களின் மதிப்புரைகளையும்தான் முதலில் பார்க்கிறார்.

இரண்டாவது, காதுப் பரீட்சை. தொலைபேசியில் ஒரு தடவை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். ட்ரிங்கோமலி என்ற ஊரின் முழு ஆங்கிலப் பெயரை எழுதச் சொன்னால் எம் ஒன்றா இரண்டா, எல் ஒன்றா இரண்டா, கடைசியில் ஈ எத்தனை என்று வெளிநாட்டவர் தடுமாறுவார். ட்ரிங்கோ என்பது சுருக்கமானது, சுற்றுலாப் பயணிகளுக்குப் பழக்கமானது, சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். திருகோணமலை என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். ஆகவே அந்த வடிவில் ஒரு பெயர் விற்பனைக்கு வந்தால், எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் விலையைப் பாதிக்கு மேல் குறைத்தே பேசுங்கள்.

மூன்றாவது, வருடாந்தச் செலவு, அது எந்த நாணயத்தில் என்பது. 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. டொலரில் புதுப்பிக்க வேண்டிய எல்லாமே இரண்டு மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது. 12 டொலருக்கு அது தாங்கும். வருடத்துக்கு 200 டொலர் என்றால் தாங்காது.

நான்காவது பெயரின் பழைய வரலாறு. ஐந்தாவது உரிமை: வேறொருவரின் வர்த்தகக் குறியோடு அந்தப் பெயர் மோதுகிறதா, பதிவு யாருடைய பெயரில் இருக்கப்போகிறது என்பவை.

## கேட்கும் விலை எங்கிருந்து வருகிறது

டொட் கொம் பெயர்களின் மொத்தப் பதிவேட்டை நடத்துவது வெரிசைன் நிறுவனம். 2024 செப்டெம்பர் முதல் ஒரு பெயருக்கு வருடம் 10.26 டொலரை அது பதிவு நிறுவனங்களிடம், அதாவது நமக்குப் பெயரைப் பதிந்து தரும் நிறுவனங்களிடம், அறவிடுகிறது. பெயர் வியாபாரி ஒருவரிடம் 100 பெயர்கள் இருந்தால் வருடம் ஆயிரம் டொலருக்கு மேல் புதுப்பிப்புக்கே போய்விடும். அந்த நூறில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் விற்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்வார்கள். விற்கிற ஒன்று விற்காத தொண்ணூற்றொன்பதின் செலவையும் சுமக்க வேண்டும். சந்தைத் தளத்தின் கமிஷனும் அதன் மேல் ஏறும். 2,000 டொலர் என்ற எண் இப்படித்தான் பிறக்கிறது. உங்கள் கடையின் வருமானத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இதில் உங்களுக்குச் சாதகமும் இருக்கிறது. ஏழெட்டு வருடமாக விற்காத பெயர் அவருக்கு ஒவ்வொரு வருடமும் நட்டம். திருமலை படகுச் சவாரிக்கான பெயரை உலகத்தில் எத்தனை பேர் வாங்குவார்கள்? ஒருவேளை நீங்கள் மட்டும்தான்.

காணி வாங்கும்போது பக்கத்துக் காணி எவ்வளவுக்குப் போனது என்று விசாரிப்பதுபோல இதிலும் விசாரிக்கலாம். நேம்பயோ என்ற தளத்தில் வெளியே தெரிந்த டொமைன் விற்பனைகளைத் தேடலாம். மிரிஸ்ஸ, அறுகம்பை, காலி போன்ற ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். 100 டொலருக்குக் குறைந்த விற்பனைகள் பெரும்பாலும் அதில் வராது, ஆகவே அங்கே தெரிவதைவிட உண்மைச் சந்தை இன்னும் கீழே என்று எடுத்துக்கொள்ளுங்கள். வொய்ஸ் டொட் கொம் 2019இல் 3 கோடி டொலருக்கு விற்றது உண்மைதான். அது ஒற்றை ஆங்கிலச் சொல், உலகம் முழுவதும் வாங்க ஆள் உண்டு. ஓர் ஊரின் தங்குமிடப் பெயருக்கு அதை உதாரணம் காட்டும் விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

பதிவு நிறுவனமான கோடாடியின் மதிப்பீட்டுக் கருவியும் எஸ்டிபாட் என்ற கருவியும் பழைய விற்பனைகளையும் தேடல் அளவுகளையும் வைத்து ஊகிப்பவை. பொதுச் சொற்களுக்கு ஓரளவு உதவும். நம் ஊர்ப் பெயர்களுக்கு ஒப்பிடக்கூடிய விற்பனைகளே குறைவு என்பதால், அவை காட்டும் எண்ணைப் பேரத்தில் ஆதாரமாக ஏற்காதீர்கள்.

## வழி 1: விற்பனையில் இருக்கும் டொட் கொம்

நல்ல பக்கம் தெளிவானது. சுருக்கம், சொன்னதும் மனதில் நிற்பது, வெளிநாட்டுப் பயணி தயங்காமல் தட்டச்சுச் செய்யும் நீட்சி (பெயரின் கடைசிப் பகுதி). டொட் கொம்மில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: வாங்க எவ்வளவு கொடுத்திருந்தாலும், அடுத்த வருடத்திலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் எல்லாப் பெயருக்கும் உள்ள சாதாரணக் கட்டணம்தான்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். வங்கி அட்டையில் டொலர் செலுத்தும்போது நாணய மாற்றுக் கட்டணம். பெயர் கைக்கு வரும்வரை காசைப் பிடித்து வைக்கும் இடைநிலைக் காப்புச் சேவைக்கான கட்டணம். ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அடுத்த 60 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது. "தவணையில் கொடுங்கள்" என்று சொல்லும் தளங்களில், கடைசித் தவணை முடியும்வரை பெயர் உங்களுடையதாகாது. இடையில் சீசன் மோசமாகி ஒரு தவணை தவறினால், கட்டிய காசும் பெயர்ப்பலகையில் எழுதிய முகவரியும் சேர்ந்து போகும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை மூன்று. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைத் திறந்து பாருங்கள். சூதாட்டமோ போலி மருந்தோ இருந்திருந்தால் விட்டுவிடுங்கள். குப்பை மின்னஞ்சலோடு தொடர்புள்ள பெயர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸின் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் அனுப்பும் அறை உறுதிப்படுத்தல்கள் விருந்தினரின் குப்பைப் பெட்டிக்குத்தான் போகும். எப்போது பதியப்பட்டது, எப்போது காலாவதியாகிறது என்பதைப் பதிவு விவரத்தில் பாருங்கள். காலாவதி நெருங்கும் பெயருக்குப் பேரம் பேசச் சரியான நேரம் அதுதான்.

பேரம் பேசும்போது தொழிலின் மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டாம். ஒரு சாதாரணத் தனிப்பட்ட முகவரியிலிருந்து, நீங்கள் கணித்த உச்ச விலையில் மூன்றிலொரு பங்கைச் சொல்லித் தொடங்குங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு இரண்டு மாதம் விடுங்கள். அவசரம் காட்டுபவருக்கு விலை குறையாது.

இது யாருக்குப் பொருந்தும்? பல படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே முகவரியில் திமிங்கிலம் பார்க்கும் சவாரிகளை விற்கப் போகிறார்கள் என்றால் பொருந்தும், செலவும் பிரியும், ஊர்ப் பெயரும் நியாயமாகப் பொருந்துகிறது. வெளிநாட்டு முகவர்களோடு நேரடியாக வேலை செய்யும் பெரிய விடுதிக்கும் பொருந்தும். மூன்று அறை கெஸ்ட் ஹவுஸுக்குப் பொருந்தாது.

உங்கள் வர்த்தகக் குறியாக இருக்கும் தொழில் பெயரையே ஒருவர் வேண்டுமென்று பிடித்து வைத்திருந்தால் நிலைமை வேறு. உலக அளவில் டொமைன் பெயர் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யூ.டி.ஆர்.பி. என்ற தகராறு முறையில் முறையிடலாம். மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் உங்கள் வர்த்தகக் குறியோடு குழம்பும் அளவு ஒத்திருக்கிறது, எதிர்த்தரப்புக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். உலக அறிவுசார் சொத்து அமைப்பில், ஒரு நடுவர் விசாரித்தால், ஐந்து பெயர்வரை கட்டணம் 1,500 டொலர். விற்பவர் 900 கேட்டால் வாங்குவதே மலிவு, 4,000 கேட்டால் முறையீடு மலிவு. வெறும் ஊர்ப் பெயருக்கு இந்த வழி உதவாது, ஊர் யாருடைய வர்த்தகக் குறியும் இல்லை.

## வழி 2: சொந்தப் பெயரில் புதிய டொட் கொம்

பெரும்பாலானோருக்கு என் பரிந்துரை இது. வருடம் 10 முதல் 20 டொலர். விடுதியின் பெயரோடு ட்ரிங்கோ அல்லது நிலாவெளி சேர்த்தால் கட்டாயம் ஏதாவது ஒன்று காலியாக இருக்கும். கோடு, எண், இரட்டை எழுத்து வேண்டாம்.

நல்ல மதிப்புரைகள் சேரச் சேர இந்தப் பெயரின் மதிப்பு உயரும், அந்த மதிப்பு முழுவதும் உங்களுடையது. பொதுவான ஊர்ப் பெயரை வாங்கியவருக்கு இந்த வாய்ப்பு குறைவு. அதே ஊரில் அதே தொழில் செய்யும் எல்லோரையும் குறிக்கும் பெயர் அது. வந்து தங்கிப்போன விருந்தினர் நண்பரிடம் சொல்லும்போது "அந்த அண்ணன் வீடு" என்பாரா, ஊர்ப் பெயரைச் சொல்வாரா?

ஒரு விஷயத்தில் மட்டும் இங்கே கடுமையாக இருங்கள். வெப்சைட் செய்து தரும் தம்பி தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பெயரைப் பதிந்துவிடுவது நம் ஊரில் வெகு சாதாரணம். கெட்ட எண்ணத்தோடு அல்ல, அவருக்கு அது வசதி. ஆனால் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய், நம்பர் மாறிய பிறகு புதுப்பிப்பு நாள் வந்தால் என்ன செய்வீர்கள்? சட்டப்படி பெயர் அவருடையது. கணக்கு உங்கள் மின்னஞ்சலில், பதிவு உங்கள் பெயரில், அட்டை உங்களுடையது என்று முதல் நாளே செய்துகொள்ளுங்கள். வெளியில் இருப்பவரிடம் 2,000 டொலர் கொடுத்து வாங்கிய பெயருக்கும் இதே விதிதான்.

## வழி 3: டொட் எல்கே

இலங்கையின் நாட்டு நீட்சி 1990 முதல் இருக்கிறது. 2010இல் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் நீட்சியும் வந்தது. கட்டணத்தை ரூபாயில் கட்டலாம் என்பதே இதன் பெரிய பலம். 2022ஐப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நல்ல சுருக்கமான பெயர்கள் டொட் கொம்மைவிட இங்கே அதிகம் காலியாக இருக்கின்றன.

உள்ளூர் வாடிக்கையாளருக்காக நடத்தும் தொழிலுக்கு, அதாவது தயிர், தளபாடம், டியூஷன் வகுப்பு, மண்டபம், வாகன வாடகைக்கு, டொட் எல்கே முதல் தெரிவாக இருக்கட்டும். கொழும்பிலிருந்து அழைப்பவருக்கு நம்பிக்கையும் தரும். நாட்டு நீட்சியை அந்த நாட்டவருக்கான தளம் என்பதன் குறியாகக் கூகிள் எடுத்துக்கொள்ளும், இங்கே அது உங்களுக்கு உதவுகிறது. ஜேர்மனியில் இருந்து தேடுபவரை நம்பி நடக்கும் விடுதிக்கு அதே விஷயம் சற்றுக் குறையாகலாம்.

ஐகானின் பொது விதிகள் இதற்கு அப்படியே பொருந்தா, டொட் எல்கே பதிவேட்டை நடத்தும் பதிவகத்துக்கு அதன் சொந்த விதிகள் உண்டு. 2021 பெப்ரவரி 6 அன்று கூகிள் டொட் எல்கே உட்படச் சில முகவரிகள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்ட சம்பவமும் நடந்தது. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, கணக்கில் வைத்திருந்தால் போதும்.

டொட் இலங்கை பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. தமிழ்ச் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் மன்றம், கோயில் திருப்பணிக்குழு போன்றவை அதை எடுத்து வைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். வியாபாரத்துக்கு மட்டும் அதைத் துணைப் பெயராக வையுங்கள். தமிழ் விசைப்பலகை இல்லாத விருந்தினரால் தட்டச்சுச் செய்ய முடியாது.

## வழி 4: காலாவதியாகி விழும் பெயர்

ஒரு டொட் கொம் காலாவதியானதும் உடனே காலியாகாது. பழைய உரிமையாளர் சாதாரணமாகப் புதுப்பிக்க, பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, 45 நாள்வரை கிடைக்கலாம். பிறகு அதிகக் கட்டணத்தோடு மீட்க 30 நாள். அதன்பின் 5 நாள் கழித்தே நீக்கப்படும். நல்ல பெயர்களை இடையிலேயே பதிவு நிறுவனங்கள் ஏலத்தில் விட்டுவிடுவதும் உண்டு.

பொறுமை உள்ளவருக்கு மலிவான வழிதான். மூடிப்போன பழைய விடுதி ஒன்றின் பெயரை எடுத்தால் பழைய பயண வழிகாட்டித் தளங்களின் இணைப்புகளும் கூடவே வரும் என்று ஆசை காட்டுவார்கள். எச்சரிக்கை தேவை. பழைய பெயரின் நற்பெயரைத் தேடலுக்காகச் சுரண்டுவதைக் கூகிள் 2024 மார்ச்சில் ஸ்பாம் கொள்கையில் சேர்த்தது. அந்த விடுதியின் பழைய விருந்தினர்கள் உங்களிடம் முறைப்பாட்டோடு வருவதும் நடக்கும். உங்கள் தொழிலோடு இயல்பாகப் பொருந்தும் பெயராக இருந்தால் மட்டும் எடுங்கள்.

## வழி 5: டொட் ஷொப், டொட் எக்ஸ்வைஸெட் போன்ற புதிய நீட்சிகள்

முதல் வருடம் ஒன்றிரண்டு டொலர், இரண்டாம் வருடம் பல மடங்கு. சில பெயர்களைப் பதிவகமே "பிரீமியம்" என்று பிரித்து, ஒவ்வொரு வருடமும் கூடிய விலை கேட்கும். வாங்கும் பக்கத்தில் புதுப்பிப்பு விலையைத் தேடிப் படிக்காமல் காசு கட்ட வேண்டாம். ஓவர்ஸ்டொக் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் 2011இல் ஓ டொட் கோ என்று பெயரை மாற்றிப் பார்த்தது. மக்கள் பழக்கத்தில் டொட் கொம் என்றே தட்டச்சுச் செய்ததால் பழைய பெயருக்கே திரும்பியது. விளம்பரத்துக்கு அவ்வளவு செலவழிக்கக்கூடிய நிறுவனத்துக்கே அந்த நிலை. ஒரு மாத நிகழ்ச்சிக்கோ தற்காலிக விளம்பரத்துக்கோ சரி.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் செலவு | புதுப்பிப்பு | கவனிக்க வேண்டியது | யாருக்கு |
|---|---|---|---|---|
| விற்பனையில் உள்ள டொட் கொம் | நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரக்கணக்கில் டொலர் | சாதாரணம், டொலரில் | பழைய வரலாறு, தவணை நிபந்தனை | கூட்டாக விற்கும் படகுக்காரர், பெரிய விடுதி |
| புதிய டொட் கொம் | 10–20 டொலர் | அதே அளவு | பதிவு யாருடைய பெயரில் | பெரும்பாலான விடுதிகள், வழிகாட்டிகள் |
| டொட் எல்கே | ரூபாயில் | ரூபாயில் | தனி விதிகள் | உள்ளூர் வாடிக்கையாளர் உள்ள தொழில் |
| காலாவதிப் பெயர் | பதிவுக் கட்டணம் முதல் ஏல விலைவரை | சாதாரணம் | பழைய உரிமையாளரின் நிழல் | பொறுமை உள்ளவர் |
| புதிய நீட்சி | மிகக் குறைவு | திடீரென ஏறும் | பிரீமியம் கட்டணம் | குறுகிய காலத் தேவை |

## வாங்குவதென்று முடிவெடுத்தால்

விற்பவரின் கணக்குக்கு நேரடியாகக் காசு அனுப்ப வேண்டாம், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும். எஸ்க்ரோ டொட் கொம் போன்ற இடைநிலைச் சேவையிலோ, செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைத் தளத்தின் சொந்தக் கட்டண முறையிலோ மட்டும் செலுத்துங்கள். பெயர் உங்கள் கணக்குக்கு வந்ததை நீங்கள் உறுதிசெய்த பிறகே காசு அவருக்குப் போகும். வந்ததும் பதிவு விவரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற விடாத இடமாற்றப் பூட்டைப் போட்டு, தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, இரண்டு படி உள்நுழைவையும் வையுங்கள். பெயர்ப்பலகையும் விசிட்டிங் கார்டும் அதன் பிறகுதான்.

உங்களிடமே சில பெயர்கள் இருந்து விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உங்கள் பெயரை 8,000 டொலருக்கு வாங்க ஆள் தயார், முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் காசுதான் அவர்களின் வருமானம், வாங்குபவர் என்று ஒருவர் அங்கே இல்லை. உண்மையில் வாங்க வருபவர் விலை பேசுவார், சான்றிதழ் கேட்கமாட்டார்.